உக்கிராணச் சாவியும் கடைசிப் பந்தியும்

(பொறையாறில் அறுப்பின் பண்டிகை மாலையில் நடந்த பட்டிமன்றம். தலைப்பு: ‘கிறிஸ்தவ ஈகைக்கு உயிர்நாடி அள்ளிக் கொடுக்கும் மனமா, உண்மையாய்ப் பராமரிக்கும் பொறுப்பா?’ ‘பொறுப்பே’ என்ற அணிக்காகப் பேசியது.)

நடுவர் ஐயா அவர்களுக்கும், இரண்டு அணியிலும் இருக்கிற பெரியவர்களுக்கும், சம்பா அறுப்பு முடிந்த உடம்பு வலியோடு வந்து பந்தலில் உட்கார்ந்திருக்கிற உங்கள் எல்லோருக்கும் வணக்கம், ஸ்தோத்திரம்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் பெத்தானியா ஊரைக் கண்முன் கொண்டுவந்து நிறுத்தினார். ஒரு பெண் விலையேறப்பெற்ற நளத தைலத்தைக் கொண்டுவந்து, கணக்குப் பார்க்காமல் ஆண்டவருக்காகச் செலவழித்தாள். வீடு முழுக்க மணந்தது. “அங்கே கணக்குப் பார்த்தவன் யார்? 300 பணத்துக்கு விற்றிருக்கலாமே என்று கேட்டவன் யார்? பணப்பை வைத்திருந்த யூதாஸ்! நிர்வாகம், பொறுப்பு என்று பேசுகிறவர்களின் வம்சம் எது என்று தெரிந்துகொள்ளுங்கள்” என்றார். நீங்கள் கை தட்டினீர்கள். எனக்கும் நெஞ்சில் தைத்தது.

ஆனால் அண்ணன் அடுத்த வசனத்தை வாசிக்காமல் உட்கார்ந்துவிட்டார். யோவான் 12-ம் அதிகாரம் 6-ம் வசனம். அவன் தரித்திரரைக் குறித்துக் கவலைப்பட்டு அப்படிச் சொல்லவில்லை. அவன் திருடன், பையில் போட்டதை எடுத்துக்கொள்கிறவன் என்று அங்கேயே எழுதியிருக்கிறது. யூதாஸ் கணக்குப் பார்த்ததால் கெட்டவன் ஆகவில்லை, ஐயா. கணக்கைப் பொய்யாக்கியதால் கெட்டான். அவனைப் பொறுப்புக்கு உதாரணமாகக் காட்டுவது, நெல்மூட்டையில் கல் போட்டுக் கட்டினவனைக் காட்டித் தராசே கூடாது என்று சொல்வதைப் போல. பண்டிகைக்கு வேண்டியதை வாங்கவும் ஏழைகளுக்குக் கொடுக்கவும் ஒரு பை அந்தக் கூட்டத்தில் இருந்தது. ஆண்டவர் அந்தப் பையைத் தூக்கி எறியச் சொல்லவில்லை.

நான் ஒரு சொல்லில் இருந்து தொடங்குகிறேன். நம்முடைய பழைய வேதப் புத்தகத்தில், எஜமானின் சொத்தைப் பார்த்துக்கொள்கிற மனிதனுக்கு என்ன பெயர்? உக்கிராணக்காரன். உக்கிராணக்காரன் உண்மையுள்ளவன் என்று காணப்படுவது அவசியம் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதுகிறார். இன்றைக்குப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்தச் சொல் தெரியாது. தஞ்சாவூர்ப் பக்கம் கல்யாண வீட்டுக்குப் போன பெரியவர்களுக்கு நன்றாகத் தெரியும். கல்யாண வீட்டில் அரிசி, பருப்பு, வெல்லம், நெய், வாழையிலைக் கட்டு எல்லாம் வைத்துப் பூட்டுகிற அறை உக்கிராணம். அதன் சாவி மாப்பிள்ளையிடமும் இருக்காது, பெண்ணைப் பெற்றவரிடமும் இருக்காது. உறவில் ஒரு பெரியவர், ஒரு சித்தப்பாவோ தாய்மாமனோ, இடுப்பில் முடிந்துகொண்டு அந்த அறை வாசலிலேயே நிற்பார்.

அந்த உக்கிராணத்தில் அவருடைய அரிசி ஒரு பிடிகூட இல்லை. அவர் மனம் போல வாரி இறைக்கவும் முடியாது, பூட்டிக்கொண்டு போகவும் முடியாது. முதல் பந்தியில் பாயசம் மூன்று கரண்டி விழுகிறதைப் பார்த்தால், பரிமாறுகிற பையனைக் கூப்பிட்டுக் காதோடு ஒரு வார்த்தை சொல்வார். ஏன்? கடைசிப் பந்தி இருக்கிறது. அதில் யார் உட்காருவார்கள்? பந்தல் போட்டவர், பாத்திரம் கழுவினவர், மேளக்காரர், மாட்டு வண்டியில் விறகு கொண்டுவந்து இறக்கினவர். அவர்களுக்கும் அதே பாயசம் போய்ச் சேரவேண்டும். முதல் பந்தியில் எவ்வளவு விழுந்தது என்று பார்த்து அந்த உக்கிராணக்காரரை யாரும் மெச்சமாட்டார்கள். கடைசி இலையில் என்ன விழுந்தது என்றுதான் பார்ப்பார்கள்.

நடுவர் ஐயா, என் வாதம் முழுக்க இந்த அறை வாசலில்தான் நிற்கிறது.

எதிரணித் தங்கை ஆதித் திருச்சபையைப் பற்றி அருமையாகச் சொன்னார். அப்போஸ்தலர் நடபடிகள் 4-ம் அதிகாரம். நிலம் வைத்திருந்தவர்கள் விற்றார்கள், வீடு வைத்திருந்தவர்கள் விற்றார்கள், கிரயத்தைக் கொண்டுவந்து அப்போஸ்தலர் பாதத்தில் வைத்தார்கள். சீப்புரு தீவைச் சேர்ந்த பர்னபா தன் நிலத்தை விற்றார். இதைவிட அள்ளிக் கொடுத்த மனம் உலகத்தில் உண்டா என்று கேட்டார். இல்லை தங்கச்சி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரண்டே அதிகாரம் தள்ளிப் பாருங்கள். 6-ம் அதிகாரத்தில் அதே சபையில் முறுமுறுப்பு. கிரேக்க மொழி பேசுகிற யூதர்களுடைய விதவைகள் அன்றாட விசாரணையில், அதாவது தினப்படி உணவுப் பங்கீட்டில், விடுபட்டுப் போகிறார்கள் என்று புகார். நிலம் நிலமாக விற்றுக் கொட்டிய சபை அது! பணத்துக்குக் குறைவில்லை, மனசுக்கும் குறைவில்லை. ஆனாலும் கடைசி இலையில் சோறு விழவில்லை.

அப்போது அப்போஸ்தலர்கள் என்ன செய்தார்கள்? இன்னும் அள்ளிக் கொடுங்கள் என்று பிரசங்கம் செய்தார்களா? பந்தி விசாரணைக்கு ஏழு பேரைத் தெரிந்துகொள்ளச் சொன்னார்கள். பந்தி விசாரணை என்றுதான் நம் வேதத்தில் இருக்கிறது, நான் கல்யாண வீட்டுக்காக இழுத்துச் சொல்லவில்லை. நற்சாட்சி வேண்டும், ஞானம் வேண்டும், பரிசுத்த ஆவியும் வேண்டும். சோறு போடுகிற வேலைக்கு இவ்வளவு தகுதி கேட்டார்கள். அந்த ஏழு பேரின் பெயரையும் வாசித்துப் பாருங்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். யாருடைய இலை காலியாகக் கிடந்ததோ அவர்கள் பக்கத்து ஆட்களிடமே சாவியைக் கொடுத்தார்கள். இதை வாசிக்கிற ஒவ்வொரு தடவையும் எனக்கு மெய் சிலிர்க்கும்.

நமக்கு இது புரியாத சங்கதியா? வீரசோழன் ஆற்றுக் கடைமடையில் உட்கார்ந்திருக்கிறவர்கள் நாம். ஜூன் 12-ல் மேட்டூரைத் திறந்தால் பேப்பரில் பூத்தூவுகிற படம் வரும். கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று தண்ணீர் பிரியும். மேலே எத்தனை ஆயிரம் கன அடி திறந்தார்கள் என்ற கணக்கை வைத்து நம் நாற்றங்கால் நனைந்துவிடுமா? வாய்க்கால் தூர்ந்து கிடந்தால், மதகுப் பலகை உடைந்து கிடந்தால், மதகைத் திறந்து மூடுகிற லஸ்கர் முறை வைக்காமல் விட்டால், தலைமடையில் வரப்பு வழிந்து ஓடும், நமக்கு வெடித்த மண்தான். மேட்டூர் தாராளமாகத்தான் கொடுத்தது. நம் வயலுக்கு வந்ததா?

இதை நான் கண்ணால் பார்த்த ஒரு காலம் உண்டு. 2004 டிசம்பர் 26. கிறிஸ்மஸ் முடிந்த மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. அந்தக் காலையைப் பற்றி இந்த ஊரில் நான் விளக்கவேண்டியதில்லை. அதற்குப் பிறகு உலகமே நாகப்பட்டினத்துக்கு அள்ளிக் கொடுத்தது, பொய் இல்லை. எங்கள் பெண்கள் சங்கத்தில் நாங்களும் போனோம். சாலை ஓரம் எல்லாம் பழைய துணி. லாரி லாரியாய் வந்து கொட்டிய துணி, மார்கழிப் பனியில் நனைந்து, மிதிபட்டுக் கிடந்தது. எல்லாவற்றையும் கடலுக்குக் கொடுத்துவிட்டு நின்ற ஒரு மீனவப் பெண் அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுக்கு வேண்டியிருந்தது ஒரு புதுச் சேலை, உள்ளாடை, ஒரு மறைப்பு, குடிக்கத் தண்ணீர். அதைக் கேட்பதற்கு யாரும் இல்லை. படகு இழந்தவர்களுக்குப் பட்டியல் இருந்தது. மீன் கூடை சுமந்தவர்கள், உப்பளத்தில் கூலிக்குப் போனவர்கள், கடல் தண்ணீர் ஏறிய வயலில் வேலை இழந்தவர்கள், இவர்கள் பெயர் பல இடங்களில் பட்டியலுக்கே வரவில்லை. நாங்கள் இரண்டாம் நாளே கொடுப்பதை நிறுத்திவிட்டு, ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கி, வீடு வீடாய்ப் போய்க் கேட்டு எழுத ஆரம்பித்தோம். “நாலு நாள் எழுதிக்கொண்டே இருக்கிறீர்களே, எப்போது கொடுப்பீர்கள்?” என்று எங்கள் ஆட்களே கோபப்பட்டார்கள். அந்த நோட்டுதான் எங்கள் சங்கம் அன்றைக்குச் செய்த நல்ல காரியம் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

எதிரணியினர் மாயூரம் வேதநாயகம் பிள்ளையைச் சொன்னார்கள். அவரை அவர்கள் பக்கம் விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை. தாது வருஷப் பஞ்சத்தில் தன் சொத்தைக் கரைத்து மாயூரத்து ஜனங்களுக்குக் கஞ்சி ஊற்றினார். ஒரு கத்தோலிக்கக் கிறிஸ்தவர் செய்த அந்த அறத்தைக் கண்டு, நந்தன் சரித்திரம் பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் மனம் உருகி அவரைப் புகழ்ந்து பாடினார். உண்மைதான். ஆனால் அந்தச் சொத்து எப்படி வந்த சொத்து என்று ஏன் சொல்லாமல் விட்டீர்கள்? தரங்கம்பாடியிலும் மாயூரத்திலும் முன்சீப்பாக இருந்தவர் அவர். நீதிபதியின் கை எவ்வளவு தூரம் நீளலாமோ அவ்வளவு நீண்ட காலம் அது. 1859-ல் அவர் எழுதிய நீதிநூலில் கைக்கூலி, அதாவது லஞ்சம், வாங்குவதற்கு எதிராகத் தனியாகவே பாடியிருக்கிறார். கை சுத்தமாக இருந்த முன்சீப் ஊற்றிய கஞ்சி அது, ஐயா. ஏழையிடம் பிடுங்கி ஏழைக்கு ஊற்றிய கஞ்சியாக இருந்தால் பாரதியார் பாடியிருப்பாரா? பொறுப்பு என்பது கொடுக்கும்போது தொடங்குவதில்லை. சம்பாதிக்கிற இடத்தில் தொடங்குகிறது.

இன்னொருவரைச் சொல்லவேண்டும். இவருக்காக எனக்குக் கொஞ்சம் நேரம் கொடுங்கள், மணியை அடித்துவிடாதீர்கள். கிறிஸ்டியன் பிரெடெரிக் சுவார்ட்ஸ் ஐயர். 1750-ல் நம் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்த ஜெர்மன் மிஷனரி. 1779-ல் ஆங்கிலேயர் அவரை ஹைதர் அலியிடம் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குத் தூது அனுப்பினார்கள். திரும்பும்போது வழிச் செலவுக்கு என்று ஹைதர் 300 ரூபாய் கொடுத்தார். யாருடைய பணம் அது? சுவார்ட்ஸ் ஐயருக்குக் கொடுத்த பணம். அவர் வைத்துக்கொண்டால் யார் கேட்கப் போகிறார்கள்? அவர் அதைக் கொண்டுபோய்ச் சென்னை அரசிடம் ஒப்படைத்தார். அவர்கள் வாங்க மறுத்ததும், அதையே முதலாக வைத்துத் தஞ்சாவூரில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தத் தொடங்கினார்.

பிறகு போர் வந்தது. 1781 வாக்கில் ஹைதரின் படை தஞ்சை நாட்டைப் பாழாக்கியது. கோட்டைக்குள் பட்டினி. தெருவில் பிணம் கிடந்தது. வெளியே கிராமங்களில் நெல் இருந்தது. ஆனால் குடியானவர்கள் கொண்டுவர மறுத்துவிட்டார்கள். முன்பு அவர்களிடம் நெல்லையும் மாட்டையும் வாங்கிக்கொண்டு பணம் கொடுக்காமல் ஏமாற்றியிருந்தார்கள். அரசர் வாக்குக் கொடுத்தும் ஒருவரும் அசையவில்லை. கடைசியில் சுவார்ட்ஸ் ஐயரைக் கூப்பிட்டார்கள். அவர் கடிதம் எழுதினார்: பணத்துக்கு நான் பொறுப்பு, என் கையால் தருகிறேன். ஓரிரு நாளில் மாடுகள் வந்து சேர்ந்தன. 80,000 கலம் தானியம் கோட்டைக்குள் போனது. வந்தவர்களுக்குச் சொன்னபடி பணம் கொடுத்து அனுப்பினார்.

யோசித்துப் பாருங்கள். அந்தப் பஞ்சத்தில் அவர் கையில் இருந்து கொடுத்தது என்ன? 80,000 கலம் நெல் அவரிடம் இருந்ததா? அவரிடம் இருந்தது ஒன்றே ஒன்று: இந்த மனிதன் கையில் போன காசு போன இடத்துக்குப் போய்ச் சேரும் என்று ஜனங்களுக்கு இருந்த நம்பிக்கை. 30 வருஷமாக ஒவ்வொரு காசுக்கும் உண்மையாக இருந்து சேர்த்த சொத்து அது. கோட்டைக்குள் இருந்தவர்களில் இந்துவும் இஸ்லாமியரும் கிறிஸ்தவரும் உண்டு. எல்லோரும் அந்த நெல்லைச் சாப்பிட்டார்கள். 1798-ல் அவர் இறந்தபோது இளவரசராக இருந்த சரபோஜி, பிறகு லண்டனில் பிளாக்ஸ்மன் என்ற சிற்பியைக் கொண்டு பளிங்கில் ஒரு நினைவுச் சிற்பம் செய்ய வைத்தார். மரணப் படுக்கையில் கிடக்கிற ஐயரின் கையைச் சரபோஜி பிடித்திருக்கிறார். தஞ்சாவூர் சிவகங்கைப் பூங்காப் பக்கம் போகிறவர்கள் அங்கே இருக்கிற சுவார்ட்ஸ் தேவாலயத்துக்குள் போய் அதை ஒருதரம் பாருங்கள்.

“களஞ்சியத்தை இடித்துப் பெரிதாய்க் கட்ட நினைத்தானே லூக்கா 12-ல் ஒரு ஐசுவரியவான், அவனும் நல்ல நிர்வாகிதானே? தேவன் அவனை மதிகேடனே என்றாரே!” என்று எதிரணியில் கேட்டார்கள். நல்ல கேள்வி. அந்த மனிதன் பேசியதை எடுத்து எண்ணிப் பாருங்கள். என் விளைச்சல், என் களஞ்சியம், என் தானியம், என் பொருள், என் ஆத்துமா. உக்கிராணத்து வாசலில் நிற்கிற சித்தப்பா அப்படிப் பேசுவாரா? இவன் பத்தாயத்தைத் தன்னுடையது என்று நினைத்துவிட்டான். அதனால் அவன் எங்கள் அணிக்காரன் இல்லை, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். லேவியராகமத்தில் கர்த்தர் சொல்கிறார்: தேசம் என்னுடையது, நீங்கள் என்னிடத்தில் பரதேசிகளும் புறக்குடிகளுமாய் இருக்கிறீர்கள். புறக்குடி! இந்த டெல்டாவில் மிராசுதாரர் காலத்தைப் பார்த்த தாத்தா பாட்டி இருந்தால் கேளுங்கள், அந்தச் சொல் எப்படிச் சுடும் என்று. நிலம் இல்லாமல், இன்னொருவர் மண்ணில் உழுது பிழைத்த குடி. ஐந்து வேலி நிலம் வைத்திருக்கிறவரும் என் சந்நிதியில் புறக்குடிதான் என்கிறார் கர்த்தர். அவர் இரக்கப்பட்டு ஏதாவது செய் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகவில்லை. அறுக்கும்போது வயலின் ஓரத்தைத் தீர அறுக்காதே, சிந்தின கதிரைப் பொறுக்காதே, அதை எளியவனுக்கும் பரதேசிக்கும் விட்டுவிடு என்று முறை வைத்துக் கொடுத்தார். அறுவடைக்கு ஆள் விடுகிறபோதே ஏழையின் பங்கும் திட்டத்துக்குள் இருக்கிறது. ரூத் அந்தக் கதிரைப் பொறுக்கித்தான் மாமியாரைக் காப்பாற்றினாள். நம் வயலில் இப்போது இயந்திரம் வரப்பு முட்ட அறுத்துவிட்டுப் போகிறது. ஓரம் எங்கே விடுவது என்று நாம் எல்லோரும் புதிதாக யோசிக்க வேண்டியிருக்கிறது.

“வலது கை செய்வது இடது கைக்குத் தெரியக்கூடாது, நீங்கள் ரசீது கேட்கிறீர்களே” என்றார் அண்ணன். அது கொடுக்கிறவன் தன்னைப் பீற்றிக்கொள்ளக் கூடாது என்பதற்குச் சொன்னது. மற்றவர்கள் கொடுத்ததைக் கையில் வாங்கியவனுக்குச் சொன்னது இல்லை. எருசலேம் ஏழைகளுக்காக எல்லாச் சபைகளிலும் பணம் சேர்த்த பவுல், தனியாகக் கொண்டுபோகவில்லை. தீத்துவோடு, சபைகளே தெரிந்துகொண்ட ஒரு சகோதரரையும் சேர்த்து அனுப்பினார். இவ்வளவு பெரிய தர்மப் பணத்தைக் குறித்து ஒருவரும் எங்கள்மேல் குற்றம் சாட்டாதபடிக்கு, கர்த்தருக்கு முன்பாக மாத்திரமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் சரியாக நடக்கப் பார்க்கிறோம் என்று எழுதினார். பவுலையே சந்தேகப்பட யார் இருந்தார்கள்? இருந்தாலும் ஆள் வைத்துக்கொண்டார்.

எனக்கு ஒரு வேதனை உண்டு, பெயர் சொல்லமாட்டேன். ஒரு சபையில் கோயில் கூரைக்காக நிதி சேர்த்தார்கள். தாலிக்கொடி அடகு வைத்துக் கொடுத்தவர்களை நான் அறிவேன். அள்ளிக் கொடுத்த மனம் அது, அதில் ஒரு குறையும் இல்லை. மூன்று வருஷம் கணக்கு வாசிக்கவில்லை. கேட்டவர்களுக்கு விசுவாசம் இல்லை என்றார்கள். கூரை பாதியில் நின்றது. பணத்தை யாரும் தின்றதாக நான் சொல்லவில்லை, எனக்குத் தெரியாது. தெரிந்தது இதுதான்: அதற்கு அடுத்த வருஷம் அந்தத் தாலிக்கொடி வீட்டம்மா காணிக்கைத் தட்டு வரும்போது குனிந்துகொண்டார். கொடுக்கிற மனம் அங்கே செத்துப்போனது. அதைக் கொன்றது எது என்று எதிரணியினர் பதில் சொல்லவேண்டும்.

எங்கள் அம்மாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அடுப்படியில் ஒரு சின்ன மண்பானை. ஒவ்வொரு வேளையும் உலையில் அரிசி போடும் முன் ஒரு பிடி அந்தப் பானைக்குப் போகும். பிடி அரிசிக் காணிக்கை. இங்கே பாதிப் பேர் வீட்டில் இருந்திருக்கும். எங்கள் வீட்டில் அரிசி குறைந்த நாளிலும் அம்மா அந்தப் பிடியைக் குறைக்கமாட்டார். எங்கள் உலையில்தான் தண்ணீர் கூடும். ஆகவே எதிரணியினரே, அள்ளிக் கொடுக்கிற மனம் எங்களுக்கும் தெரியும். சனிக்கிழமை சாயங்காலம் பெண்கள் கூடி அளப்பார்கள். அம்மா நோட்டில் எழுதுவார். எந்த வீட்டில் இருந்து எவ்வளவு வந்தது என்று எழுதவே மாட்டார்கள். எந்த வீட்டுக்கு எவ்வளவு போனது என்று மட்டும் எழுதுவார்கள். ஒரு கார்த்திகை மழையில் இளம் சம்பா முழுக்க மூழ்கி, கூலி வேலை நின்றுபோனது. அந்த மாதம் அந்தப் பானைகளில் இருந்து ஒன்பது வீட்டுக்கு அரிசி போனது. அதில் நான்கு வீடு கோயிலுக்கு வருகிற வீடு இல்லை. நோட்டில் ஒன்பதும் இருந்தன.

மணி அடித்துவிட்டது, முடிக்கிறேன். எதிரணித் தலைவர் கடைசியில் பேசும்போது ஏழை விதவையின் இரண்டு காசை எடுப்பார் என்று எனக்குத் தெரியும், எடுக்காமல் இருக்கமாட்டார். எடுக்கட்டும். தன் ஜீவனத்துக்கு உண்டாயிருந்தது எல்லாவற்றையும் போட்டுவிட்டாள் என்று ஆண்டவரே சாட்சி சொன்ன காசு. ஆனால் மாற்கு 12-ல் அதற்குச் சற்று முன்னால், விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிற வேதபாரகரைப் பற்றி ஆண்டவர் எச்சரித்துவிட்டுத்தான் காணிக்கைப் பெட்டிக்கு எதிராக வந்து உட்காருகிறார். போடுகிற கையையும் பார்த்தார், பெட்டி யார் பொறுப்பில் இருக்கிறது என்பதையும் அறிந்திருந்தார். அவள் போட்டுவிட்டுப் போய்விட்டாள். அவள் பங்கு முடிந்தது. எதிரணித் தலைவர் பேச வரும்போது எனக்கு ஒரே ஒரு பதில் சொல்லட்டும்: அவள் போன பிறகு அந்த இரண்டு காசு யார் கையில் இருந்தது? அன்றைக்குக் கடைசிப் பந்தியில் உட்கார்ந்த இன்னொரு விதவைக்கு அது போய்ச் சேர்ந்ததா?

நன்றி ஐயா. வணக்கம்.